பணம் கொடுத்தவன் எஜமானனா?



நான் காலேஜ் வாசலை மிதித்தவனல்ல. ஆயினும் பழைய மாணவர்களாகிய நீங்கள் பேச அழைத்துவிட்டீர்கள். உங்கள் காலேஜுக்குத் திரட்டும் நிதியைப்பற்றி ஒரு விஷயம் என் காதுக்கு எட்டிற்று. புராணத்தைப் புகழும் ஓர் ஆசிரியரை விலக்கினால்தான் பணம் கொடுப்போமென்று நம்மவர்களே சிலர் சொல்லுகிறார்களாம். இது நியாயமா?

1914-ல் ஐரோப்பிய யுத்தம் மூண்ட சமயம், அமெரிக்காவில் ஹார்வார்டு சர்வகலாசாலையில் மன்ஸ்டர்பர்க் என்கிற ஜெர்மானியர் மனோதத்துவ ஆசிரியராயிருந்தார். தாய்நாட்டுக்குப் பரிந்து எழுதினார். பலருக்கு ஆத்திரம். வீனர் என்னும் பழைய மாணவர், இவரை விலக்காவிட்டால் உயிலில் எழுதிவைத்திருக்கும் ஒரு கோடி டாலரை ரத்து செய்துவிடுவதாக மிரட்டினார். ஆசிரியரோ, அதில் பாதியை இப்பொழுதே கொடுத்தால் நானே விலகிக்கொள்ளுகிறேன் என்றார்! (ஆசாமி கெட்டிக்காரர்தான்.) சர்வகலாசாலை இரண்டையும் ஏற்கவில்லை. பணத்துக்காகப் பேச்சுச் சுதந்திரத்தைக் குறைக்கவும் மாட்டோம், ராஜினாமாவை வாங்கவும் மாட்டோம் என்று தெரிவித்துவிட்டது. 1916-ல் பாடம் சொல்லிக்கொண்டிருக்கும்போதே விழுந்து இறக்கும்வரை அவர் ஆசிரியராகவே இருந்தார்.

ஜெர்மனிக்குப் பரிந்தது சரியென்று நான் சொல்ல வரவில்லை. கோயிலுக்கு மணி வாங்கிக் கொடுத்தவன் பரிவட்டம் கேட்டால் கேலி செய்கிறோமே, நாம் கேட்பது மட்டும் என்னவாம்? இன்று நம் பணத்துக்கு ஓர் ஆசிரியர் போனால், நாளை ஒரு மடாதிபதியின் பணத்துக்கு நம் கொள்கைக்கார ஆசிரியர் போகமாட்டாரா? அந்தப் புராணக்காரரை இதே மேடைக்குக் கூப்பிடுங்கள். வாதத்துக்கு நான் தயார். என் நன்கொடையை, யாதொரு நிபந்தனையுமின்றி, இறங்கியவுடன் காரியதரிசியிடம் கொடுத்துவிடுகிறேன்.