ஓவியர் எடுத்த படங்களும் நம் சங்கத்து அலமாரியும்
(ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)

 

இம்மேடையில் குறளைப் பற்றியும் சிலம்பைப் பற்றியும் கற்றறிந்த பெரியோர் பேசக் கேட்டு மகிழ்ந்திருக்கிறோம். மெட்ரிக்குலேஷனோடு படிப்பை நிறுத்திக்கொண்டு ரயில்வேயில் குமாஸ்தாவாகக் காலம் கழிக்கும் என்னை இவ்வாண்டு பேசப் பணித்தபோது, எனக்கு ஓரளவு தெரிந்த பொருளையே எடுத்துக்கொள்வது முறை எனக் கருதினேன். பழைய கோப்புகளைக் காப்பதே என் அலுவல். ஆதலின் காப்பதைப் பற்றியே பேசுகிறேன். காகிதத்தைப் பற்றி அன்று; நாம் வாழும் இம்மும்பை நகரத்தில் ஓவியர் சிலர் எவரையும் நம்பாமல் தாமே எடுத்த சிறு படங்களையும், அவற்றைச் சார்ந்த இசையையும் பற்றி.

அக்பர் பதம்சீ என்னும் பெயரை உங்களில் சிலர் கேள்விப்பட்டிருக்கலாம். 1928-ஆம் ஆண்டு இந்நகரில் பிறந்த பெரும் ஓவியர். 2020-ஆம் ஆண்டு ஜனவரியில் நம் கோயம்புத்தூரில் உயிர் நீத்தவர். 1969-இல் அவருக்கு ஜவஹர்லால் நேரு நினைவு உதவித்தொகை கிடைத்தது. வேறொருவராயின் அப்பணத்தைக் கொண்டு மேலும் நான்கு ஓவியங்களைத் தீட்டியிருப்பார். இவரோ ஒரு பட்டறையைத் தொடங்கினார். பதினாறு மில்லிமீட்டர் காமிரா முதலிய கருவிகளை வைத்து, ஓவியர், திரைப்படக்காரர், கார்ட்டூன் வல்லுநர் அனைவரையும் ஒரு கூரையின்கீழ் கூட்டினார். மணி கௌலும் குமார் சஹானியும் அங்கு வந்து போயினர். இவ்வளவும் ஒரு தனி மனிதரின் உதவித்தொகையில் நடந்தது என்பதை நினைவில் வைக்க வேண்டுகிறேன்.

அங்குப் பதம்சீ இரண்டு படங்கள் எடுத்தார். முதலாவது ‘சிஸிஜி’. அமாவாசையிலும் பௌர்ணமியிலும் சூரியனும் பூமியும் சந்திரனும் ஒரே நேர்கோட்டில் நிற்பதைக் குறிக்கும் வானநூற் சொல் அது. பஞ்சாங்கம் பார்க்கும் நமக்கு அது புதிதன்று. படத்தில் கதையில்லை, பேச்சில்லை, பாட்டுமில்லை. ஏறத்தாழ ஆயிரம் கோட்டோவியங்கள் பதினொரு நிமிடம் ஒன்றாகி, பிரிந்து, மீண்டும் ஒன்றாகின்றன. அசைவூட்டும் பணியில் துணை நின்றவர் ராம் மோகன். நம் நாட்டுக் கார்ட்டூன் படக் கலைக்கு மூத்தவர், சென்னைப் பல்கலைக்கழகத்தில் பயின்றவர். இப்படத்தை இரண்டு முறை பார்த்தேன். முதன்முறை எனக்கு விளங்கவில்லை. இரண்டாம் முறையும் முழுதும் விளங்கிற்றென்று சொல்லத் துணியேன். எனினும் கோலமிடும் கையைப் பார்த்துக்கொண்டிருப்பது போன்ற ஓர் அமைதி உண்டாயிற்று. வாசலில் இடும் கோலத்திற்கு எவரும் பொருள் கேட்பதில்லை அல்லவா?

இரண்டாவது படத்தின் பெயர், ‘முகில் அறையில் நிகழ்ச்சிகள்’ எனப் பொருள்படுவது. கண்ணுக்குப் புலப்படாத நுண்துகள் சென்ற வழியை ஆவியில் கோடாகக் காட்டும் பௌதிகக் கருவியே முகில் அறை. தம் ஓவியம் ஒன்றை வண்ண ஒளியாக்கித் திரையில் உலவ விட்டார் பதம்சீ. இசை அமைத்தவர் கீதா சாராபாய். 1946-இல் நியூயார்க் சென்று ஜான் கேஜ் என்னும் அமெரிக்க இசையறிஞருக்கு நம் நாட்டு இசையைக் கற்பித்தவர். படம் ஆறே நிமிடம். பிரதி ஒன்றே ஒன்று. அந்த ஒரே பிரதி டில்லியில் ஒரு கலைக்காட்சிக்கு அனுப்பப்பட்டது; திரும்பி வரவில்லை.

நண்பர்களே, நான் பார்சல் ஆபீசிலும் சில ஆண்டுகள் இருந்தவன். ரசீது இல்லாத மூட்டை என்ன கதியாகும் என்பது எனக்குத் தெரியும். ஆறு நிமிடப் படம் என்பது பதினாறு மில்லிமீட்டர் சுருளில் சுமார் 216 அடி. படத்துணுக்குகளாக எண்ணினால் 8,640. ஒரு சாப்பாட்டுத் தட்டைவிடச் சிறிய வட்டப் பெட்டியில் அடங்கிவிடும். அத்துணைச் சிறிய பெட்டிக்குள் ஒருவருடைய மாதக்கணக்கான உழைப்பு இருக்கிறதென்று மேலே ஒட்டியிருக்கும் சீட்டு சொல்லாவிட்டால் வேறு யார் சொல்வார்?

நாற்பதாண்டுகளுக்கு மேல் சென்றபின், அஷிம் அலுவாலியா என்னும் இயக்குநர் முதுமையுற்ற பதம்சீயை அணுகி, அவர் நினைவிலிருந்தே அப்படத்தை மீண்டும் உருவாக்க முயன்றார். அம்முயற்சியே ஒரு படமாகி 2016-இல் வெனிஸ் விழாவில் காட்டப்பட்டது. பாராட்டத்தக்க பணி. ஆயினும் மூலம் மூலந்தான். நம் முதல் தமிழ்ப் பேசும் படமான ‘காளிதாஸ்’ 1931-இல் வந்தது. அதன் பிரதியும் இன்று இல்லை.

அப்பட்டறையில் மிக இளையவர் நளினி மலானி. கராச்சியில் பிறந்து, பிரிவினைக்குப் பின் குடும்பத்தோடு இப்பக்கம் வந்தவர். 1969-இல் அட்டை மாதிரிகளையும் வண்ண ஒளியையும் கொண்டு, வருங்கால நகரம் இப்படி இருக்கலாம் என்னும் கனவாக ஒரு படம் எடுத்தார். ஏழாண்டுகள் கழித்து வேறொரு படத்தை அதன் அருகில் வைத்தார். இளம்பெண் ஒருத்தி ஜன்னல் வழியே பார்க்கிறாள், எதிரே குடிசைகள். இரண்டும் அடுத்தடுத்த திரைகளில் ஒரே நேரத்தில் ஓடுகின்றன. கட்டித் தருவதாகச் சொன்னதும் கட்டப்பட்டதும் பக்கத்தில் பக்கத்தில்! தண்ணீர்க் குழாயடியில் வரிசையில் நின்ற நம் தாய்மார்களுக்கு அதை விளக்க ஒரு விமரிசகரும் வேண்டியதில்லை. அவருடைய சுருள்கள் பிழைத்தன. ஆகவே 2017-இல் பாரிஸ் பொம்பிடு மையம் அவருடைய வாழ்நாட் படைப்புகளைக் காட்சிக்கு வைத்தபோது, கணக்கை 1969-இலிருந்தே தொடங்க முடிந்தது.

இசைக்கும் இதுவே நேர்ந்தது. 1969-இல் ஆமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் டேவிட் டியூடர் என்பவர் மூக் என்னும் மின்னிசைக் கருவியை நிறுவினார். கீதா சாராபாய் முதலிய சிலர் மூன்றாண்டு போல அதில் சோதனைகள் செய்தனர். பிறகு அதைப் பற்றிய பேச்சே இல்லை. ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்குப் பின் பால் பர்கஸ் என்னும் ஆங்கிலேய இசைஞர் அந்நிறுவனத்தின் காப்பறையில் 27 நாடாச் சுருள்களைக் கண்டெடுத்தார். 2023-இல் அவற்றிலிருந்து ஒரு தொகுப்பு வெளிவந்தது. அவை நிலைத்ததற்குக் காரணம், யாரோ பெயர் தெரியாத ஊழியர் ஒருவர் அவற்றைக் குப்பையில் போடாமல் அலமாரியில் வைத்ததுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். குமாஸ்தாவுக்குக் குமாஸ்தாவின் பக்கம் பேசத் தோன்றுவது இயல்பு, பொறுத்தருள்க.

பூனாவில் 1964 முதல் தேசியத் திரைப்படக் காப்பகம் இருக்கிறதே எனக் கேட்கலாம். பி. கே. நாயர் அவர்கள் ஊர் ஊராய்த் தேடிச் சேர்த்த செல்வம் அது. ஆனால் கொட்டகைக்கு வராத படத்திற்கு முதலாளி இல்லை, விநியோகஸ்தர் இல்லை, விளம்பரமும் இல்லை. அத்தகைய படத்தைத் தேடிச் செல்ல ஒரு முகவரியாவது வேண்டுமே! எடுத்தவர் தாமே காத்தால்தான் உண்டு. மும்பையின் புழுக்கமோ சுருளுக்குப் பகை. அசிடேட் சுருள் நாளடைவில் புளிக்காடி நாற்றம் வீசிச் சுருங்கும். காந்த நாடாவில் பூஞ்சை படரும்.

இனி நம் அலமாரிக்கு வருகிறேன். சங்க அறையில் மேசைப்பந்துப் பலகை போட இடம் வேண்டுமென்று அந்த இரும்பு அலமாரியைக் காலி செய்யும் யோசனை செயற்குழுவில் இருப்பதாக அறிகிறேன். பிள்ளைகளின் விளையாட்டை நான் எதிர்க்கவில்லை. ஆனால் அதற்குள் இருப்பது என்ன? நம் ஆண்டு விழாக்களின் வீடியோ கேசட்டுகள். நம் பெரியவர்கள் நைட் டூட்டி முடித்து வந்து ஒத்திகை பார்த்த நாடகங்கள். இன்று நம்மிடையே இல்லாத ஓர் அம்மையார் பாடிய கடவுள் வாழ்த்து. இவற்றுக்கும் உலகில் வேறு பிரதி கிடையாது. ஒரு கேசட்டை இரவல் கொடுத்தபோது, நாடகத்தின் இரண்டாம் அங்கத்தின்மேல் ஒரு கிரிக்கெட் ஆட்டம் பதிவாகித் திரும்பிற்று. யார் வீடென்று சொல்லப் போவதில்லை. ஆட்டத்தில் நாம் வென்றோம் என்பது மட்டும் ஆறுதல்.

வி.சி.ஆர். இயந்திரங்களைச் செய்துவந்த கடைசி ஜப்பானியக் கம்பெனியும் 2016-இல் நிறுத்திவிட்டது. நம்மிடம் ஓடும் நிலையில் உள்ள இயந்திரம் ஒன்று. அதன் தலைப்பகுதி எத்தனை நாள் தாங்கும் என்று சொல்வதற்கில்லை. அது நிற்பதற்குள் எல்லாவற்றையும் கணினிக்கு மாற்றி, ஒன்று சங்கத்திலும், ஒன்று வேறொருவர் வீட்டிலும், ஒன்று இந்நகருக்கு வெளியே ஊரில் ஒருவரிடமும் இருக்கச் செய்யவேண்டும். மூலத்தை எவருக்கும் இரவல் தரலாகாது.

இதனினும் அவசரமான வேலை ஒன்று உண்டு. படத்தில் தெரியும் முகங்களுக்குப் பெயர் எழுத வேண்டும். பின்வரிசையில் மிருதங்கம் வாசிப்பவர் யார் என்று சொல்லக்கூடியவர் காலனியில் இன்று மூவர் இருக்கின்றனர். அவர்களுள் இருவர் ஓய்வுபெற்று இவ்வாண்டிலேயே ஊருக்குத் திரும்புகின்றனர். ஒரு பதிவேடு வாங்கி, ஆண்டு, நிகழ்ச்சி, பங்கு பெற்றோர், படம் பிடித்தவர் என்று கோடு போட்டு வைத்திருக்கிறேன். வரும் ஞாயிறு காலை பத்து மணி முதல் சங்க அறையில் இயந்திரம் ஓடும். வீட்டுப் பரணில் கேசட் வைத்திருப்போர் கொண்டுவருக. ரசீது எழுதித் தருவேன். மூவருக்கும் நாற்காலி முன்வரிசையில் போடப்படும். தேநீர்ப் பொறுப்பை மாதர் பிரிவு ஏற்றிருக்கிறது.