பெயரும் வினையும்: பட்டதாரிகளின் பிற்காலச் சிறப்புகள் குறித்துச் சில எண்ணங்கள்



பல்கலைக்கழகத்தை விட்டு வெளியேறி முப்பது, நாற்பது ஆண்டுகள் கழிந்தபின் முன்னாள் மாணவர் எய்தும் பதவிகளையும் விருதுகளையும் குறித்துப் பேசுமாறு மன்றத்தார் பணித்தனர். மொழியியலையே வாழ்நாள் தொழிலாகக் கொண்டிருந்த நமக்கு இத்தலைப்பு எவ்வாறு பொருந்தும் என முதலில் தயங்கினோம். பின்னர், முன்னாள் மாணவர் ஒன்றுகூடல்களில் வெளியிடப்பெற்ற மலர்கள் சிலவற்றை எடுத்துப் படித்தபோது, பேசவேண்டிய பொருள் இலக்கணத்திலேயே இருக்கக் கண்டோம்.

அம்மலர்களில் ஒருவரைப் பற்றிய குறிப்பு பெரும்பாலும் ஒரே முறையில் அமைகிறது. பெயர், பெயருக்கு முன்னால் டத்தோ அல்லது டான்ஸ்ரீ, பட்டம் பெற்ற ஆண்டு, வகித்த பதவிகள், பெற்ற விருதுகள். தொடக்கம் முதல் இறுதி வரை பெயர்ச்சொற்களே. வினைச்சொல் ஒன்று வந்தால், அது 'பெற்றார்' என்பதாகவே இருக்கிறது. தமிழில் பெயர்ச்சொல்லே பயனிலையாக வருவதற்கு இலக்கணம் இடந்தருகிறது. 'அவர் தலைவர்' என்பது குறையற்ற தொடரே. ஆயினும், அவர் என்ன செய்தார் என வினவுவார்க்கு அத்தொடர் விடை தருவதில்லை. நம் மொழியில் 'வினை' என்னும் சொல் இலக்கணத்தில் வினைச்சொல்லையும் வாழ்க்கையில் செயலையும் குறிக்கிறது. மலர்களில் விடுபட்டுப் போவது இவ்விரு பொருளிலும் வினையே.

எடுத்துக்காட்டுக்கு நம் இரு நாடுகளுக்கும் பொதுவான பல்கலைக்கழகம் ஒன்றையே பார்ப்போம். ஏழாம் எட்வர்ட் மருத்துவக் கல்லூரியும் ராஃபிள்ஸ் கல்லூரியும் இணைந்து 1949இல் சிங்கப்பூரில் மலாயாப் பல்கலைக்கழகம் உருவாயிற்று. 1962இல் அது கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழகம் எனவும் சிங்கப்பூரில் சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகம் எனவும் தனித்தனியாயிற்று.

அங்கு 1954இல் சமூக ஆய்வியலில் பட்டயம் பெற்றவர் எஸ். ஆர். நாதன். நாற்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பின், 1999இல், அவர் சிங்கப்பூரின் அதிபரானார். எந்த மலரும் இதனை முதல் வரியில் எழுதும். ஆனால் படிப்பை முடித்தவுடன் அவர் மருத்துவமனையில் சமூகப் பணியாளராக இருந்தார். 1956இல் கடலோடிகளின் நல அலுவலரானார். பின்னர்த் தொழிற்சங்கங்களுக்கான ஆய்வுப் பிரிவில் பணியாற்றினார். 1974இல் லஜு படகுக் கடத்தலின்போது, கடத்தியவர்களுடன் குவைத்துக்குச் சென்ற அரசு அதிகாரிகள் குழுவுக்குத் தலைமை தாங்கினார். 'அதிபர்' என்னும் ஒரு பெயர்ச்சொல்லின் பின்னால் இத்தனை வினைகள் நிற்கின்றன.

முதல் ஆண்டிலேயே அப்பல்கலைக்கழகத்தில் சேர்ந்தவர் வரலாற்றறிஞர் வாங் கங்வூ. எழுபத்தோர் ஆண்டுகள் கழித்து, 2020இல், சீனவியலுக்கான தாங் பரிசு அவரை வந்தடைந்தது. பரிசு ஒரு நாள் நிகழ்ச்சி. சீனர் கடல் கடந்து குடியேறிய வரலாற்றை அவர் ஆராய்ந்ததோ ஒரு வாழ்நாள் வினை. தமிழ்த் தந்தைக்குப் பிறந்த கவிஞர் எட்வின் தம்பு, 1956இல் அங்குப் பட்டம் பெற்றார். கலாசாரப் பதக்கமும் பெற்றார். ஆனால் சிங்கப்பூரின் நான்கு மொழிக் கவிதைகளையும் ஒரே நூலில் அமர்த்திய 1985ஆம் ஆண்டுத் தொகுப்புக்கு அவர் பொதுப்பதிப்பாசிரியராக உழைத்ததைத் தமிழ் மாணவர் எத்தனை பேர் அறிவர்?

நம் முன்னோர் ஒருவரைச் சிறப்பித்தபோது வினையை மறக்கவில்லை. தமிழகத்தில் செங்கம் வட்டாரத்தில் பல்லவர் காலத்து நடுகற்கள் பல கிடைத்துள்ளன. அவற்றின் எழுத்துப்பொறிப்பு மிகச் சிறியது. அச்சிறு இடத்திலும் மன்னனின் ஆட்சியாண்டு, வீரனின் பெயர், அவன் எந்தப் பூசலில் நின்றான், ஆநிரையை மீட்டு எவ்வாறு மாண்டான் என்பவை கூறப்படுகின்றன. எழுதப் படிக்கத் தெரியாத உறவினர் எழுப்பிய கல்லாகவும் அது இருந்திருக்கலாம். எனினும் 'வீரன்' என்று மட்டும் பொறித்துவிட்டு அவர்கள் அமையவில்லை.

இனித் தொல்காப்பியத்துக்கு வருவோம். ஒரு தொழில் நிகழ்வதற்கு வேண்டியவற்றைத் தொல்காப்பியர் எட்டாக எண்ணுகிறார். வினை, செய்வது, செயப்படுபொருள், நிலம், காலம், கருவி என்பவை ஆறு. எஞ்சிய இரண்டு, இன்னதற்கு என்பதும் இது பயன் என்பதும் ஆகும். பின்வந்த நன்னூலார், வினைச்சொல் காட்டும் பொருளாக ஆறினையே எண்ணுகிறார். யாருக்காக, என்ன பயனுக்காக என்னும் இரண்டும் அவ்வெண்ணிக்கையில் இல்லை. இலக்கண நோக்கில் அதற்குத் தக்க காரணம் உண்டு. ஒரு சொல்லின் வடிவம் அவ்விரண்டையும் வெளிப்படையாகக் காட்டுவதில்லை. ஆனால் மனிதரைச் சிறப்பிக்கும்போது அவ்விரண்டையுமே நாம் முதலில் கேட்க வேண்டும் எனக் கருதுகிறோம்.

இவ்வாறு கூறுவதற்கு நம்மிடம் ஒரு காரணம் உண்டு. அதனை இவ்வவையில் மறைக்க விரும்பவில்லை.

சில ஆண்டுகளுக்கு முன், நம்மோடு பயின்றவர்களின் ஒன்றுகூடல் மலருக்குத் தொகுப்பாசிரியராக இருந்தோம். விண்ணப்பப் படிவத்தையும் நாமே வகுத்தோம். அதில் பதவி, பட்டம், விருது என மூன்று கட்டங்கள் இருந்தன. தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளி ஒன்றில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றிய நண்பர் ஒருவர், பதவி என்னுமிடத்தில் 'ஆசிரியர்' என எழுதி, மற்ற இரண்டிலும் கோடிட்டு அனுப்பியிருந்தார். பக்கங்கள் போதவில்லை. விருது பெற்றவர்களுக்கு இடம் கொடுத்தோம். அவர் பெயரை விட்டோம். அவர் அதுபற்றி ஒரு சொல்லும் கூறவில்லை.

அவர் மறைந்தபின் துக்கம் கேட்க அவர் இல்லத்துக்குச் சென்றோம். அவருடைய துணைவியார் பழைய நோட்டுப் புத்தகங்கள் சிலவற்றைக் கொணர்ந்து, "உங்களுக்குப் பயன்படுமா பாருங்கள்" என்றார். தோட்டத் தொழிலாளரின் சொற்களை நண்பர் ஆண்டுக்கணக்கில் குறித்து வைத்திருந்தார். பெரட்டு, கித்தா, ஒட்டுப்பால், தண்டல் என ஒவ்வொரு சொல்லுக்கும் நேரே, யார் சொன்னது, எந்த ஊர், எந்த ஆண்டு என்ற குறிப்பு இருந்தது. பாதிக்கு மேல் கரையான் அரித்திருந்தது. பால்மரத் தோட்டங்கள் பல செம்பனையாக மாறிவிட்டன. லயங்களில் வாழ்ந்தோர் நகரங்களுக்குப் பெயர்ந்துவிட்டனர். அச்சொற்களைச் சொன்ன முதியவர்களை இனி எங்கே தேடுவது? மொழியியலில் முனைவர் பட்டம் பெற்ற நாம் செய்திருக்க வேண்டிய பணியை அவர் செய்திருந்தார். 'என்ன செய்தீர்கள்' என்ற ஒரு கேள்வி நம் படிவத்தில் இருந்திருக்குமானால், அந்நோட்டுகள் கரையானுக்கு முன் நம் கைக்கு வந்திருக்கும்.

விருதுகள் வேண்டா என்பது நம் கருத்தன்று. ஒருவருடைய உழைப்பை நாடும் சமூகமும் ஏற்பது மகிழ்ச்சிக்குரியது. பின்வருவோர்க்கு ஊக்கமும் தருவது. ஆனால் விருது இல்லாத இடத்தில் வினையும் இல்லை என நம் பட்டியல்கள் கருதச் செய்கின்றன. அது பிழை.

'இன்னதற்கு' என்பதற்கு நம் வரலாற்றிலேயே சான்று உண்டு. 1950களில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் தமிழுக்கு இடம் வேண்டும் எனத் தமிழவேள் கோ. சாரங்கபாணி தமிழ் முரசு வாயிலாக முழங்கினார். அங்குத் தமிழ் நூல்கள் வாங்கத் 'தமிழ் எங்கள் உயிர்' நிதி திரட்டப்பட்டது. அதற்குக் கொடுத்தவர்களில் எளிய தொழிலாளரும் இருந்தனர். 1956இல் இந்திய ஆய்வியல் துறை தொடங்கியது. பின்னர் அத்துறைக்குத் தலைமை ஏற்றவர், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ் பயின்று வந்த தனிநாயக அடிகளார். 1966இல் முதல் உலகத் தமிழ் ஆராய்ச்சி மாநாடு கோலாலம்பூரில் கூடியது. பட்டம் பெறும் வாய்ப்பே இல்லாதோர் கொடுத்த வெள்ளியில் வாங்கிய நூல்களைப் படித்துப் பலர் பட்டம் பெற்றனர். அவர்கள் யாருக்குக் கடமைப்பட்டவர்கள் என்பதில் ஐயமில்லை.

ஆகவே ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறோம். இனி முன்னாள் மாணவர் மலர் தொகுப்போர், ஒவ்வொருவரிடமும் விருதுகளைக் கேட்கும் முன்பு தொல்காப்பியரின் எட்டையும் கேளுங்கள். என்ன செய்தீர்கள், எங்கே, எப்போது, எதைக் கொண்டு, யாருக்காக, அதனால் விளைந்த பயன் என்ன? விடையைத் தமிழில், ஐந்தாறு வரிகளில், அவர்களையே எழுதச் செய்யுங்கள். கோடிட்டு அனுப்புவோரை நேரில் சென்று கேளுங்கள். அவர்கள் வீட்டு அலமாரியில் என்ன இருக்கிறது என்பதையும் பார்த்து வாருங்கள்.

எஞ்சிய நோட்டுகளை இப்போது படியெடுத்து வருகிறோம். அப்பணி முடிந்ததும், தொகுத்தவர் பெயரோடு அது இம்மன்றத்திடம் ஒப்படைக்கப்படும்.