'பரியா' என்னும் ஆங்கில அடைமொழி



ஆங்கிலச் செய்தித்தாள் புரட்டும் மாணவன் ஒருவன் 'பரியா நாடு' என்னும் தொடரைக் காண்கின்றான். அகரமுதலியை எடுக்கின்றான். ஒதுக்கப்பட்டது, எவரும் சேர்க்கத் தகாதது என்று பொருள் கூறப்பட்டிருக்கின்றது. சொல்லின் வேரைத் தேடினால், தமிழ்! பறையர் என்னும் பெயரே போர்த்துக்கீசியர் வாயில் திரிந்து, 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கில நூலேறிற்று. 19ஆம் நூற்றாண்டில் எந்நாட்டு விலக்குண்டாரையும் குறிக்கும் பொதுச்சொல்லாயிற்று. தெருநாய்க்கும் அதனையே அடையாக்கினர் வெள்ளையர். கட்டுமரமும் மிளகுதண்ணீரும் ஆங்கிலத்தில் ஏறியமை கூறி மகிழ்வோர் இச்சொல்லை மட்டும் எண்ணிக்கையில் சேர்ப்பதில்லை.

வேர் இழிந்ததன்று. பறைதல் என்பது சொல்லுதல். மலையாளத்தார் இன்றும் அவ்வாறே வழங்குகின்றனர். செய்தியை அறைந்து சொல்லும் கருவி பறை. தொல்காப்பியம் நிலத்தின் கருப்பொருள்களுள் அதனை வைத்தெண்ணிற்று. மருதத்திற்குரியது நெல்லரிகிணை, காவிரி வயலில் கதிரறுக்குங்கால் முழங்கியது. புறநானூற்றின் 335ஆம் பாட்டோ குடிகள் நான்கே எனக் கூறி, அவற்றுள் ஒன்றாகப் பறையனை வைக்கின்றது.

அப்பெயரைப் பழிப்பெயராக்கியவன் ஆங்கிலேயன்தானா? அவன்மேல் போட்டுவிடுதல் எளிது. பெரியகோயிற் கல்வெட்டுகளைப் படித்துப் பாருங்கள். ஆயிரம் ஆண்டுகட்கு முன், இராசராசன் காலத்திலேயே, ஊர்தோறும் வரி நீங்கிய நிலங்களை எண்ணுமிடத்துப் பறைச்சேரியும் தீண்டாச்சேரியும் பொறிக்கப்பட்டுள்ளன. போர்த்துக்கீசியர் கப்பல் வருவதற்கு இன்னும் ஐந்நூறு ஆண்டுகள் இருந்தன. அயலான் தான் கண்டதை எழுதிக்கொண்டான்; அவன் கண்ட சேரியை ஊர்ப்புறத்தே வைத்தவன் தமிழன். 1968 திசம்பர் 25ஆம் நாள் இரவு, அன்றைய தஞ்சை மாவட்டத்துக் கீழ்வெண்மணியில், கூலிநெல் கூட்டிக் கேட்ட உழவுத் தொழிலாளர் குடும்பத்தார் 44 பேர் ஒரு குடிசைக்குள் எரிந்து மாண்டனர். பெண்டிரும் குழந்தைகளுமே மிகுதி. எரித்தவர் பேசியதும் எரிந்தவர் பேசியதும் தமிழே.

இன்னுமொரு கொடுமை. தென்னாப்பிரிக்காவில் 1948 முதல் 1994 வரை நிறவெறி ஆட்சி நடந்தது. அவ்வாட்சியைக் கடிய வந்த உலகத் தாளிகைகள் அதற்குச் சூட்டிய அடைமொழியும் இதுவே. ஒடுக்கியவனைப் பழிக்க ஒடுக்கப்பட்டவன் பெயர்!

ஆங்கிலச் செய்தியைத் தமிழாக்குவோர் இச்சொல் வருமிடத்து ஒலிபெயர்த்து எழுதற்க. விலக்குண்ட நாடு எனலாம். ஒதுக்குண்ட அரசு எனலாம். சொல்லுக்கா தமிழில் பஞ்சம்? பறை என்பதைப் பறைக்கே விட்டுவிடுக.