மாலத்தீவு போகும் முன்

(நம் சங்கக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

மாலத்தீவு போய் வந்த கதையைச் சொல்லச் சொன்னார்கள். கதையை விட, போக நினைப்பவர்களுக்கு உதவும் விஷயங்களைச் சொல்கிறேன்.

ஏறத்தாழ 1,200 குட்டித் தீவுகள். ஊர் என்று மக்கள் குடியிருப்பது சுமார் 200 தீவுகளில்தான். எல்லாமே பவளப்பாறை மேல் சேர்ந்த மணல். இயற்கையாக அமைந்த மிக உயரமான இடமே இரண்டரை மீட்டர் இருக்காது. நம் பிளாக்கில் முதல் மாடி ஏறினால் அதை விட உயரம்! அந்தக் கடற்கரைச் சோழிகள்தான் ஒரு காலத்தில் வங்காளத்தில் சில்லறைக் காசு. கேஷ் கவுண்டரில் காலம் கழித்த எனக்கு இது ரொம்பப் பிடித்தது.

காசு என்றதும் என் அசட்டுத்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். அங்கே இரண்டு விதமாகத் தங்கலாம். ஒரு தீவு முழுக்க ஒரே ரிசார்ட். அல்லது மாஃபுஷி போல மக்கள் வாழும் தீவில் கெஸ்ட் ஹவுஸ். நான் ரிசார்ட் அறை வாடகையை மட்டும் பார்த்தேன். 100 டாலர் என்றால் 10 சதவீதம் சர்வீஸ் சார்ஜ், அதன் மேல் 17 சதவீதம் வரி. 128 டாலர் 70 சென்ட் ஆகிவிடுகிறது. பசுமை வரி தனி. ரிசார்ட்டில் தலைக்கு ஓர் இரவுக்கு 12 டாலர், சிறிய கெஸ்ட் ஹவுஸில் 6. நாலு பேர், நாலு இரவு: 192 டாலர். படகுக்கோ கடல் விமானத்துக்கோ வேறு கட்டணம். கடல் விமானம் இருட்டினால் பறக்காது. நாங்கள் இறங்கியதே சாயங்காலம். ஹுல்ஹுமாலேயில் ஓர் இரவு தண்டச் செலவு. ஏஜெண்ட் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

விசா போய் இறங்கியதும் இலவசம். புறப்படுவதற்கு முன் 96 மணி நேரத்துக்குள் 'இமுகா' படிவம் நிரப்ப வேண்டும். அதற்கும் கட்டணம் கிடையாது. பணம் கேட்டால் அது வேறு ஆள். மதுபானம் கொண்டுபோகக் கூடாது, வழிபாட்டு விக்கிரகமும் கூடாது. என் மனைவி கைப்பையிலிருந்த பிள்ளையாரை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்தாள். சைவர்கள் சாப்பாட்டை முன்பே சொல்லி வையுங்கள். காலை உணவான மாஸ் ஹுனியிலேயே தேங்காயோடு சூரை மீன்தான்.

இன்னொன்று, சொல்லவே கூச்சமாக இருக்கிறது. கடலில் இடுப்பளவு தண்ணீர். கண்ணாடியில் ஆவி படிந்தது. கல் என்று நினைத்துக் காலை ஊன்றினேன். மளுக்கென்று சத்தம். பவளம்! அது உயிர். ஒரு விரல் நீளம் வளரவே வருஷக்கணக்கில் ஆகும் வகைகள் உண்டு. 1998லும் 2016லும் கடல் சூடேறி ஏராளமான பவளம் வெளுத்துச் செத்தது. மிஞ்சியதுதான் அலையைத் தடுக்கிறது. அவர்களுடைய காம்பவுண்டுச் சுவரே அதுதான். நம் சுவரை வெளியாள் வந்து உடைத்தால் சும்மா இருப்போமா? கூட வந்த பையன் திட்டவில்லை. கையைப் பிடித்து மிதக்கக் கற்றுக்கொடுத்தான். அது இன்னும் சங்கடமாக இருந்தது.

கிளம்பும்போது பேரன் பையிலிருந்து ஒரு பவளத் துண்டை எடுத்துக் கடலில் போடச் சொன்னேன். வெளியே கொண்டு வருவது அங்கே குற்றம். அழுதான்.

செலவுக் கணக்கு நோட்டு என்னிடம் இருக்கிறது. வேண்டுவோர் சாயங்கால நடையின்போது கேளுங்கள்.