சிறுநீரக நோயாளரும் பொதியிட்ட தின்பண்டமும்



நோயாளியைப் பார்க்கச் செல்வோர் வெறுங்கையுடன் செல்வதில்லை. ஒரு விசுக்கோத்துப் பொதியேனும் கையில் இருக்கும். நம் சங்கத்தாரும் அவ்வாறே கொண்டு செல்கின்றோம். சிறுநீரகம் பழுதுற்றவருக்கு அப்பொதி தகுமா என்பதே இன்று நாம் பேச எடுத்த பொருள். உலகெங்கும் சிறுநீரகச் செயலிழப்புக்கு முதற் காரணமாய் நிற்பது சலரோகம். ஆதலாற் சீனி ஒன்றே பகையென்று பலரும் எண்ணுகின்றனர். அது பாதி உண்மையே.

சுகமான சிறுநீரகம் மிகுதியான சோடியம், பொற்றாசியம், பொசுபரசு என்பவற்றைச் சிறுநீரோடு கழித்துவிடும். நலிந்த சிறுநீரகத்தால் அது இயலாது. உப்புத் தேங்கினாற் கால் வீங்கும், இரத்த அமுக்கம் ஏறும். பொற்றாசியம் மிகுந்தால் இருதயத் துடிப்பே தடுமாறும். பொசுபரசோ ஓசையின்றி எலும்பை நலிவித்து, இரத்தக் குழாய்களை இறுகச் செய்யும்.

நம் நாட்டிற் பானங்களுக்கு 2016இலும், திண்ம உணவுகளுக்கு 2019இலும் நிறக் குறியீடு சட்டமாயிற்று. நல்ல சட்டம். ஆனால் மட்டையிலுள்ள அந்நிறங்கள் சீனி, உப்பு, கொழுப்பு ஆகியவற்றையே காட்டுவன. பொசுபரசுக்கும் பொற்றாசியத்துக்கும் நிறமில்லை. மாவைப் பொங்கச் செய்யவும் பிற காரணங்களுக்காகவும் சேர்க்கும் பொசுபேற்று உப்புகள் பொடி எழுத்தில் வெறும் இலக்கங்களாய் மறைந்திருக்கும். 338 முதல் 341 வரையும், 450 முதல் 452 வரையும் உள்ளவை அவையே. தானியத்திலும் பருப்பிலும் இயற்கையாயுள்ள பொசுபரசில் ஏறக்குறையப் பாதிதான் உடம்பிற் சேரும். இவ்வுப்புகளிலிருந்தோ பெரும்பகுதியும் சேர்ந்துவிடும்.

"அப்படியானால் எள்ளுருண்டை கொடுங்கள், அது நம்முடைய பண்டம்" என்பார் உளர். நாம் உடன்படோம். எள்ளு, கச்சான், பனங்கட்டி, பேரீச்சம்பழம் யாவும் பொற்றாசியம் உடையன. உலர்ந்த முந்திரிகைப்பழம் 100 கிறாமில் அது 700 மில்லிகிறாமுக்கும் மேல். நாம் பயின்ற மிசன் பாடசாலையில் நத்தாருக்குப் பங்கிட்ட பழக்கேக்கும் இக்கணக்கிலேயே அடங்கும். பஞ்சாமிர்தத்திலோ வாழைப்பழமும் பேரீச்சையும் சர்க்கரையும் ஒருங்கே கூடுகின்றன! பிரசாதத்தை மறுக்க மனம் வராது; ஒரு துளியை நாவில் வைத்தாற் போதும். முருகப்பெருமான் அளவு பார்ப்பவர் அல்லர்.

இவற்றோடு ஒப்பிட்டால், கிறீமும் சொக்கிளேற்றும் இல்லாத, அவ்விலக்கங்களும் இல்லாத சாதாரண தேநீர் விசுக்கோத்து இரண்டு பலருக்குத் தகும். சலரோகமும் உடையவர் அதன் மாவையும் சீனியையும் அன்றைய உணவிற் கணக்கிட வேண்டும். அவருக்குச் சீனி திடீரெனக் குறைந்தாற் குளுக்கோசோ சீனிக் கரைசலோ கொடுப்பதே முறை. தோடம்பழச் சாற்றிற் பொற்றாசியம் உண்டு. இன்னொன்று: எல்லா நோயாளருக்கும் ஒரே தடையில்லை. சிலருக்குப் பொற்றாசியத்திற் கட்டுப்பாடே வேண்டியதில்லை. உடல் மெலிந்தவருக்கு உணவு குறைவதே ஆபத்து. இரத்தச் சோதனையைப் பார்த்து வைத்தியர் சொல்லும் அளவே அவரவர் அளவு.

ஆகவே அடுத்த முறை வாட்டுக்குச் செல்லும்போது முதலில் தாதியாரைக் கேட்போம். கொண்டு செல்லும் விசுக்கோத்தைப் போத்தலில் மாற்றி அடைக்காமல், மட்டையுடனேயே கொடுப்போம். இலக்கங்கள் மட்டையில் அல்லவா இருக்கின்றன!