பட்டம் இல்லையென்றால் பயிற்சி வேண்டும்



அன்பார்ந்த பெற்றோர்களே, பிள்ளைகளே! பிரிக்பீல்ட்சிலும் கிள்ளானிலும் நம் வீடுகளில் எழும் கேள்வி இது: எஸ்.பி.எம். முடித்த பிள்ளை, பட்டம் இல்லாமல், வெளிநாட்டில் ஆங்கிலம் கற்பிக்கப் போகலாமா?

1950களில் மலாயா அரசாங்கம், சீனியர் கேம்பிரிட்ஜ் தேறிய இளைஞர்களை இங்கிலாந்தின் கிர்க்பி கல்லூரிக்கு அனுப்பி, இரண்டே ஆண்டுகளில் ஆசிரியர்களாக்கியது. திரும்பி வந்த பலர் நம் பள்ளிகளில் ஆங்கிலம் கற்பித்தார்கள். அவர்களிடம் பட்டம் இல்லை, பயிற்சி இருந்தது.

இன்றும் கேம்பிரிட்ஜின் செல்டா சான்றிதழுக்குப் பட்டம் கட்டாயமில்லை. 120 மணி நேரப் பயிற்சி. அதில் 6 மணி நேரம் மாணவர்கள் முன் நின்று பாடம் நடத்த வேண்டும். ஆனால் ஒன்றை மறைக்க மாட்டோம்: சீனா, வியட்நாம் போன்ற நாடுகள் வேலை பெர்மிட்டுக்குப் பட்டமும் கேட்கின்றன.

"சுற்றுலா விசாவில் போ, பிறகு மாற்றிக்கொள்ளலாம்" என்று ஏஜென்ட் சொன்னால் நம்பாதீர்கள். வேலைக்கென்று கம்போடியாவுக்கும் மியன்மாருக்கும் போன மலேசிய இளைஞர்கள் 2022இல் மோசடிக் கும்பல்களிடம் சிக்கியதை மறந்துவிட வேண்டாம். பெர்மிட் உறுதியாகாமல் விமானம் ஏறாதீர்கள்.

அதுவரை நம் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பெடுத்துப் பழகுங்கள். பகுதி நேரமாகப் பட்டமும் படியுங்கள். இன்ஷா அல்லாஹ், வழி திறக்கும்.

வஸ்ஸலாம்.