குடிக்கூலிச் சீட்டு
(சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நம்மவருள் கைம்பெண்டிர் பலர்க்கு ஒரு வீட்டின் குடிக்கூலியே சோறும் துணியுமாக இருக்கின்றது. (வாடகை என்றால்தான் இக்காலத்தார்க்கு விளங்கும், ஆகுக.) அவ்வீட்டை வாய்ச்சொல்லை நம்பி விட்டுவிட்டு, “அவரும் நம்மவர்தாமே” என்கின்றனர். நம்மவராயின் எழுதிக்கொள்ள நாணுவானேன்? முன்பணம் எவ்வளவு என்பதிலேயே வழக்கு மூண்டு, உறவு முறிந்த குடும்பங்களை நாம் அறிவோம்.

வேறு சிலர் பதினொரு மாதத்திற்குச் சீட்டெழுதிப் பெட்டியில் வைத்துக் கவலையற்றிருக்கின்றனர். அக்கணக்கு எங்கிருந்து வந்தது? 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம், ஓராண்டிற்கு மேற்பட்ட குத்தகைப் பத்திரம் பதியப்படல் வேண்டும் என்றது. செலவுக்கு அஞ்சினோர் ஒரு திங்களைக் குறைத்துக்கொண்டனர். தமிழ்நாட்டு நகரங்களில் இச்சூழ்ச்சி இனிப் பயன்படாது. 2017இல் இயற்றப்பெற்று, 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம், காலம் குறுகியதாயினும் உடன்படிக்கை எழுத்தில் அமைதல் வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதியப்படல் வேண்டும் என்கின்றது.

எழுதுங்கால் வாடகை, முன்பணம், காலம் இவற்றோடு, பழுது பார்ப்பவர் யார் என்பதையும் எழுதுக; பிணக்கெல்லாம் பெரும்பாலும் ஒழுகும் கூரையிலிருந்தே பிறக்கின்றது. பணம் பெறுந்தோறும் கைச்சாத்திட்ட ரசீது கொடுக்க. குடியிருப்போர்க்கும் அதுவே காப்பு.

எழுத அறியாத தாய்மார்கள் ஞாயிறு மாலையில் சங்கத் திண்ணைக்கு வருக; யானே எழுதித் தருவேன்.